காடும் வாழ, காட்டை நம்பினோரும் வாழ

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். ஓலைக் கொட்டகையில் திருப்பலி கண்ட நாள்களையும், கோயில் எழும்பிய வரலாற்றையும், பள்ளியைக் கட்டி எழுப்பிய பெரியோர்களின் தியாகத்தையும் பலர் இன்று நினைவுகூர்ந்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் பொருள் சற்று வேறானது: காட்டை மீண்டும் வளர்ப்பதும், காட்டை நம்பிப் பிழைக்கும் ஏழைகளை வாழவைப்பதும். 'குருவானவர் ஆன்மாக்களைப் பற்றிப் பேசாமல் மரங்களைப் பற்றிப் பேசுவானேன்?' என்று ஒருவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடையை யூபிலி என்னும் சொல்லிலேயே தேடுவோம்.

யூபிலி சொல்லும் இரு கட்டளைகள்

யூபிலி என்னும் சொல் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்தது. ஐம்பதாவது ஆண்டில் அந்தக் கொம்பை ஊதி நாடெங்கும் விடுதலையை அறிவிக்க வேண்டும் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த ஆண்டில் நடக்க வேண்டியவை எவை? ஒன்று, நிலத்திற்கு ஓய்வு. விதைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. மற்றொன்று, நிலத்தை இழந்தவன் தன் நிலத்திற்குத் திரும்புவது. அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திற்குத் திரும்புவது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில், ஒரே கொம்பொலியில் நடக்க வேண்டும். நிலத்திற்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஏழையைத் துரத்தச் சொல்லவில்லை. ஏழைக்கு நிலம் கொடுத்துவிட்டு அந்த நிலத்தைச் சாறு பிழியவும் சொல்லவில்லை.

யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தில் இது இன்னும் நுட்பமாக வருகிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும். அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணட்டும். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்பது அதன் கருத்து. ஏழைக்கும் காட்டு விலங்கிற்கும் ஒரே நிலத்தில் ஆண்டவர் பந்தி விரிக்கிறார்! உபாகமம் 22-ஆம் அதிகாரமோ பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயை விட்டுவிட வேண்டும் என்கிறது. எடுக்கவே கூடாது என்றும் இல்லை; எல்லாவற்றையும் எடு என்றும் இல்லை. நம் தலைப்பின் சாரம் முழுவதும் அந்தச் சிறு கட்டளையில் அடங்கியிருக்கிறது.

பெயரில் நின்ற வனம்

நம் திண்டிவனத்தின் பெயரை எண்ணிப் பாருங்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். ஊரின் சிவாலயத்து இறைவனும் திந்திரிணீஸ்வரர் என்றே வழங்கப்படுகிறார். நம் சாலைகளின் இருபுறமும் நின்ற முதிய புளியமரங்களும் நெடுஞ்சாலை அகலமானபோது பெருவாரியாக வீழ்ந்தன. வனம் பெயரில் நிற்கிறது, நிலத்தில் காணோம்.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இந்தப் பகுதிக்கென்றே உரிய காடு ஒன்று உண்டு. உலர் பசுமைமாறாக் காடு என்று அதை அறிஞர்கள் அழைக்கிறார்கள். மழை குறைவு, வெயில் அதிகம். ஆயினும் ஆண்டு முழுவதும் பச்சை மாறாது. வீரை, உலக்கைப்பாலை, காசா, கருங்காலி, நாவல், காட்டெலுமிச்சை முதலியவை அதன் மரங்கள். ஆலையும் தேக்கையும்போல் வானளாவி நிற்காமல், நெருங்கி, குட்டையாக, முள்ளும் கொடியும் பின்னி நிற்கும். அந்தக் காடு இன்று துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கிறது. மரக்காணம் செல்லும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள சோலை அப்படிப்பட்ட ஒரு துண்டு. நம் இந்துச் சகோதரர்கள் தெய்வத்திற்குரியது என்று அஞ்சி, அதில் கைவைக்காமல் காத்துவந்தார்கள். அவர்களுடைய அந்தப் பயபக்திக்கு நாமும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காடு போனதால் என்ன போயிற்று என்று கேட்போர், 2024 நவம்பர் 30 இரவை நினைத்துப் பார்க்கட்டும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. அத்தனை மழையை எந்தக் காடும் முழுவதுமாகத் தாங்கியிராது என்பது உண்மையே. ஆனால் மொட்டைக் குன்றிலிருந்து தண்ணீர் ஓடும் வேகம் வேறு. வேரும் சருகும் மூடிய குன்றிலிருந்து அது இறங்கும் வேகம் வேறு. மொட்டைக் குன்று மண்ணையும் சேர்த்து அனுப்பும். அந்த மண் ஏரியை மேடாக்கும். மேடான ஏரி அடுத்த மழையைத் தாங்காது. அந்த இரவில் முதலில் தண்ணீர் புகுந்தது யார் வீட்டில்? ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் வீட்டில். ஆகவே காட்டை வளர்ப்பது ஏழைக்கு எதிரான காரியமன்று. காடு அழிந்தாலும் முதலில் அடிபடுகிறவன் ஏழை. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று முறையில்லாமல் கிளம்பினாலும் முதலில் அடிபடுகிறவன் அவனே.

காட்டை அழித்தது யார்?

'இவர்கள் விறகு வெட்டித்தானே காடு அழிந்தது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-இல் தோன்றியது. இரயில் பாதைக்குக் கட்டைகளும், இரயில் எஞ்சினுக்கு விறகும் ஏராளமாகத் தேவைப்பட்ட காலம் அது. 1882-இல் வந்த வனச்சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக வரையறுத்தது. காட்டில் கிழங்கு தோண்டியவனும் தேன் எடுத்தவனும் அன்று முதல் அனுமதி பெற வேண்டியவன் ஆனான். பின்னர் செங்கற்சூளைகளும், நகரத்து அடுப்புகளும், முந்திரித் தோப்புகளும், குன்றை உடைக்கும் கற்குவாரிகளும் எஞ்சியதைத் தின்றன. நம் வீடு கட்டிய செங்கல் எந்த விறகில் வெந்தது என்று நாம் கேட்டதுண்டா?

தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இருளர் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். நம் மாவட்டத்தில் அவர்கள் இல்லாத வட்டாரம் அரிது. பழங்குடிகளிலும் மிக நலிந்த பிரிவினராக அரசே அவர்களைக் கணக்கிட்டிருக்கிறது. ஒரு காலத்தில் பாம்பு பிடித்துத் தோலை விற்றார்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத்தோல் வாணிபம் முற்றிலும் நின்றது. சட்டம் தேவையானதே, இல்லையேல் பாம்பே அற்றுப்போயிருக்கும். ஆனால் அந்தத் தொழிலை நம்பியிருந்தவர்களுக்கு மாற்றுவழி சட்டத்தோடு கூடவே வரவில்லை. பலர் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் மரம் வெட்டும் தொழிலிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளானார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆயினும் அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்தும் நம் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருக்கிறோம்.

சீமைக்கருவேல மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஏரிகளையும் தரிசுகளையும் கவ்விக்கொண்ட அந்நிய மரம் அது. அதை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது; அரசும் கொள்கை வகுத்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்த முள்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கித்தான் இன்று பல ஏழைக் குடும்பங்கள் கஞ்சி குடிக்கின்றன. இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே வாரத்தில் வேரோடு பிடுங்கினால் ஏரி சுத்தமாகும், அடுப்பு அணையும். அதே வேலையை அவர்களுக்கே கூலிக்குக் கொடுத்து, வெட்டிய இடத்தில் நம் மண்ணின் மரங்களை அவர்களைக் கொண்டே நட்டு, சில ஆண்டுகளில் படிப்படியாகச் செய்தால் ஏரியும் சுத்தமாகும், அடுப்பும் எரியும்.

நம்முடைய குற்றம்

பிறரைப் பற்றிப் பேசியது போதும். நம் பங்கில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவோம். விழா மலரில் புகழ்ச்சி மட்டுமே இருந்தால் அது பாதி வரலாறு.

நம் கிளைக்கிராமம் ஒன்றில் சிற்றாலயத்திற்குப் பின்னே 3 ஏக்கர் மேட்டுநிலம் நமக்கு இருக்கிறது. அதற்கு அப்பால் ஏரிக்கரை. அதற்கும் அப்பால் காப்புக்காடு. பொன்விழாவுக்கு முன்னேற்பாடாக அங்கே ஒரு தோப்பு வளர்ப்பது என்று தீர்மானித்தோம். இளைஞர்கள் உற்சாகத்தோடு 600 செடிகள் நட்டார்கள். படம் எடுத்தோம். முள்கம்பி வேலி போட்டோம். பலகையும் வைத்தோம். ஏரிக்கரையில் இருக்கும் 11 இருளர் குடும்பங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் சுள்ளி பொறுக்கப் போகும் தடமும், துடைப்பத்திற்கு ஈச்சம் ஓலை அறுக்கும் புதரும், ஆடுகள் தண்ணீருக்கு இறங்கும் பாதையும் அந்த 3 ஏக்கருக்குள்தான் இருந்தன.

இரண்டாவது கோடையில் வேலி மூன்று இடத்தில் அறுந்து கிடந்தது. எண்ணிப் பார்த்தோம். 600-இல் 80 செடிகள்கூட மிஞ்சவில்லை. கோபம் வந்தது. காவல் நிலையத்தில் மனு கொடுப்பது என்று முடிவாகி, மனுவும் எழுதியாயிற்று. மறுநாள் காலை, பூசை முடிந்து அறைவீட்டுக்குத் திரும்பியபோது, இருளர் மூதாட்டி ஒருவர் திண்ணையோரம் நின்றிருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்:

"சாமி, செடி வச்சீங்க, சந்தோசம். வேலியும் வச்சீங்க. எங்கள எங்க வைக்கப் போறீங்க?"

மனுவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அவரோடு அந்த மேட்டுக்கு நடந்தோம். அன்று அவர் நடத்திய பாடம் குருமடத்தில் கேட்டறியாத பாடம். பட்டுப்போன செடிகளில் பெரும்பாலானவை ஆடு தின்றவை அல்ல. வெட்டவெளியில் வெயிலில் காய்ந்தவை. அவற்றுள் பல பூங்காவுக்கு ஏற்ற செடிகள். இந்தச் செம்மண் மேட்டுக்கு ஆகாதவை. "சூரை முள்ளு, காரை முள்ளு பொதருக்கு உள்ளார வையிங்க சாமி. நெழலும் இருக்கும், ஆடும் வாய் வைக்காது. குருவி எச்சம் போட்டு மொளைச்ச கன்னு எல்லாம் அங்கதான் கீது, பாருங்க" என்றார். முள்புதரை விலக்கிப் பார்த்தோம். நாம் நடாத கன்றுகள், வெப்பாலையும் நாவலும் வேம்பும், புதருக்குள்ளே செழிப்பாக நின்றன! செடி நட இடம் வேண்டும் என்று அத்தகைய புதர்களைத்தான் நம் இளைஞர்கள் பாதி நிலத்தில் வெட்டித் தள்ளியிருந்தார்கள்.

வரும் வழியில் ஒரு கொடியைக் காட்டினார். கிழங்கைத் தோண்டி எடுத்தபின் கொடியின் தலைப்பை மண்ணில் திரும்ப ஊன்றிவிட்டுத்தான் குழியை மூடுவார்களாம். "இல்லாட்டி அடுத்த வருசம் என்னாத்த தோண்டுறது?" என்றார். அசிசி நகர் புனித பிரான்சிஸ், விறகு வெட்டும் சகோதரர்களிடம் மரத்தை அடியோடு வெட்டாதீர்கள், அது மறுபடி தளிர்க்க இடம் விடுங்கள் என்று சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அந்தப் புனிதரை 1979-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சுற்றுச்சூழலில் அக்கறை கொண்டோரின் பாதுகாவலராக அறிவித்தார். ஏரிக்கரை மூதாட்டி புனிதரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் புனிதர் போதித்ததை அவர் செய்துகொண்டிருந்தார். புனிதரின் திருநாளைக் கொண்டாடும் நாம் செய்யவில்லை.

மனு காவல் நிலையத்திற்குப் போகவில்லை. வேலியை முழுவதும் எடுக்கவும் இல்லை. 11 குடும்பங்களோடும் புளியமரத்தடியில் மூன்று முறை உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தடத்திற்கு இரண்டு வழிகள் திறந்தோம். நிலத்தை மூன்று பாகமாக்கி, இரண்டு பாகம் ஆட்டுக்கு அடைப்பு, ஒரு பாகம் திறப்பு என்று வைத்தோம். கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்தபின் பாகம் மாறும். காய்ந்த சுள்ளி எடுக்கலாம். பச்சை மரத்தில் கத்தி வைக்கலாகாது. ஈச்சம் ஓலையைக் குருத்தை விட்டு அறுக்கலாம். விதை பொறுக்கி, நாற்று வளர்த்து, நட்டுக் காப்பது அவர்கள் பொறுப்பு. கூலி பங்கின் பொறுப்பு. அடுத்த பருவத்தில் புதர்களுக்குள் 400 கன்றுகள் நட்டோம். கடந்த கோடை முடிவில் எண்ணியபோது 300-க்கு மேல் உயிரோடு நின்றன.

எல்லாம் சுபமாய் முடிந்தது என்று சொல்லமாட்டோம். இரவில் பச்சைமரம் வெட்டியவர் இருவர். ஒருவர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர், மற்றவர் நம் பங்கைச் சேர்ந்தவர். இருவரையும் அந்தப் புளியமரத்தடியிலேயே விசாரித்தோம். ஏழை என்பதால் எவரும் புனிதராகிவிடுவதில்லை. பசி வந்தால் நாளைய கன்றை இன்றைய ஆட்டுக்கு விடத்தான் தோன்றும். அதனால்தான் விதி வேண்டும். அந்த விதியை அவர்களும் சேர்ந்து வகுத்திருக்க வேண்டும்.

இரண்டும் கூடும் என்பதற்குச் சான்றுகள்

நம் அனுபவம் சிறிது. பெரிய சான்றுகளும் நம் பக்கத்திலேயே உள்ளன.

வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் செம்மண் அரித்து ஓடைகளாய்ப் பிளந்து கிடந்தது. மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு கடலில் சேர்ந்தது. வந்தவர்கள் முதலில் வரப்பும் தடுப்பும் கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். விரைந்து வளரும் அந்நிய வேல மரங்களை நிழலுக்காக நட்டு, பின்பு அந்த நிழலில் இம்மண்ணுக்குரிய மரங்களை வளர்த்தார்கள். இருபது லட்சத்திற்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டதாகக் கூறுவர். சுற்றுக் கிராமத்தவர் பலர் அங்கே உழைத்துப் பிழைத்தார்கள். ஆயினும் அது விலைக்கு வாங்கிய நிலம். அங்கு வந்த பண உதவி நம்மிடம் இல்லை. அதை அப்படியே நாம் பின்பற்ற இயலாது. செத்த மண் உயிர்பெறும் என்ற நம்பிக்கையை அதிலிருந்து பெறலாம்.

செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணைநின்றார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, வாரம் ஒருமுறையாகச் சில முறை நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் நாட்டின் பல பாகங்களில் பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. தோலுக்காகக் கொன்ற அதே கைத்திறன் இன்று உயிர் காக்கிறது! பாம்பும் பிழைத்தது, பிடித்தவரும் பிழைத்தார், கடிபட்டவரும் பிழைத்தார். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது இருளர் அனைவரும் தலைநிமிர்ந்தனர். அதே மாவட்டத்தின் தண்டரையில் இருளர் பெண்கள் 1986 முதல் சங்கம் வைத்து, மூலிகைகளையும் நாற்றுகளையும் வளர்த்து வருகிறார்கள்.

அரசும் படிப்படியாக மனம் மாறியதைச் சொல்லவேண்டும். காட்டை அண்டி வாழ்வோரின் தேவைகளை 1988-இன் தேசிய வனக்கொள்கை ஏற்றுக்கொண்டது. ஜப்பானியக் கடனுதவியோடு 1997-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களை அமைத்தது. பல இடங்களில் திட்டப்பணம் நின்றதும் குழுவும் ஓய்ந்தது. இதிலும் நமக்குப் பாடம் உண்டு: உரிமை இல்லாத பங்கேற்பு கூலி உள்ளவரை மட்டுமே நிற்கும்.

அந்த உரிமையைத் தந்தது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன் வனநிலத்தைப் பயன்படுத்திவந்த பழங்குடியினருக்கு 4 ஹெக்டேர் வரை அனுபவ உரிமையும், சிறுவன விளைபொருள், மேய்ச்சல், நீர்நிலை மீன் ஆகியவற்றில் சமூக உரிமையும் அது தருகிறது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் கிராம சபையிடம் வைக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது பல ஆண்டு தாமதமாயிற்று. கல்வராயன் மலைபோன்ற இடங்களில் மலைமேல் வாழும் பழங்குடியினருக்கு இச்சட்டம் பெருந்துணை. நம் சமவெளி இருளருக்கோ காட்டின் ஓரத்தில் ஏரிக்கரையும் புறம்போக்குமே வீடு. காட்டுக்கும் சொந்தமில்லை, ஊருக்கும் சொந்தமில்லை. உரிமையைக் கேட்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கேட்டால் முகவரி வேண்டும். முகவரி கேட்டால் பட்டா வேண்டும். இந்த வட்டத்தில் ஒரு தலைமுறையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. ஆயிரமாயிரம் பறவைகள் கடல் கடந்து வந்திறங்கும் அந்த ஏரியைக் காப்பது நம் மாவட்டத்திற்குப் பெருமை. ஆனால் அங்கே மீனும் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைப்போரும் உண்டு. சரணாலயத்தில் மக்களின் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்க்க வேண்டும், சிலவற்றைத் தொடரவும் அனுமதிக்கலாம் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழியை எளியவருக்கு யார் எடுத்துச் சொல்வது? படித்த நாம்தான் சொல்ல வேண்டும்.

திருச்சபையின் குரல்

மண்ணுலகின் பொருள்கள் மனிதர் அனைவர்க்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் வெவ்வேறல்ல என்று உணர்த்தினார். 2019-இல் அமேசான் காடுகளுக்கென்றே ஆயர் மாமன்றத்தைக் கூட்டி, காட்டு மக்களின் குரலை உரோமையில் ஒலிக்கச் செய்தார். 2025 ஏப்ரல் 21-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். திருச்சபை முழுவதும் யூபிலி கொண்டாடிய ஆண்டு அது. யூபிலியின் பொருளை வாழ்ந்து காட்டியவர் யூபிலி ஆண்டிலேயே மறைந்தது நமக்கொரு நினைவூட்டல்.

நாம் செய்ய வேண்டியது

இனி, பேரவையின் முன் இருக்கும் ஒரு கேள்வியை வெளிப்படையாகவே எடுத்துவைக்கிறோம். பொன்விழா நினைவாகச் சாலை முகப்பில் அலங்கார வளைவு கட்ட நிதி சேர்ந்து வருகிறது. கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடு கொடுத்தார்கள். அதைக் குறைகூற மாட்டோம். ஆயினும் அந்த நிதியில் ஒரு பாதியையாவது பின்வரும் காரியங்களுக்கு ஒதுக்கலாகாதா என்று தாழ்மையோடு கேட்கிறோம்.

முதலாவது, 11 குடும்பங்களும் நடத்தும் நாற்றங்காலுக்கு ஐந்து ஆண்டுக் கூலி. ஒரு கன்று தன் காலில் நிற்க அவ்வளவு காலமாவது ஆகும். ஓராண்டுக் கூலி படம் எடுக்கத்தான் உதவும். இரண்டாவது, அந்தக் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் கிடைக்கும்வரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு கூட நடக்க, நம் வின்சென்ட் தே பால் சபையிலிருந்து இருவர். மூன்றாவது, அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடாதபடி காக்க ஓர் ஆசிரியர். நான்காவது, நம் பங்கின் விவசாயப் பெருமக்கள் தம் நிலத்து வரப்போரத்தில் ஓர் அடியை முள்புதருக்கும் குருவிக்கும் விட்டுவைப்பது. வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் ஏழைக்கு விடச்சொன்ன ஆண்டவரின் கட்டளை இன்னும் நீக்கப்படவில்லை. மோவாபு நாட்டு ரூத் அப்படி விட்ட கதிரைப் பொறுக்கியவள்தான். அவள் வழிமரபில்தான் தாவீதும், தாவீதின் குலத்தில் நம் ஆண்டவரும் பிறந்தார்கள்.

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கோடு அரசு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கில் கன்றுகள் நடப்படும். அவற்றுள் எத்தனை மரமாகும் என்பது, அவற்றின் பக்கத்தில் வாழும் ஏழைக்கு அவை பகையா, உறவா என்பதைப் பொறுத்தது. உறவானால் அவனே காவல். பகையானால் எந்த வேலியும் போதாது.

அன்பார்ந்தவர்களே! மூதாட்டியின் கேள்வி நம் காதில் இன்னும் ஒலிக்கிறது. 'எங்களை எங்கே வைக்கப்போகிறீர்கள்?' அன்று ஏரிக்கரையில் அவரே தந்த விடையும் உண்டு: கன்றைப் புதருக்குள் வையுங்கள். முள்ளை வெட்டியெறிந்துவிட்டு நட்ட 600 கன்றுகள் கருகின. முள்ளின் அரவணைப்பில் நட்டவை நிற்கின்றன. நாம் வேண்டாத முள் என்று எண்ணியவர்களின் மத்தியில்தான் நம் பொன்விழாத் தோப்பும் வளரப்போகிறது.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு அந்தப் புளியமரத்தடியில் பேரவை கூடுகிறது. 11 குடும்பங்களும் வருகிறார்கள். தரையில் பாய் விரித்திருக்கும். நீங்களும் வாருங்கள். படைத்தவர் நம் கைகளில் ஒப்படைத்த தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும், அதில் நம்மோடு குடியிருப்போரை நேசிக்கவும், நம் பங்கின் பாதுகாவலியாம் தேவமாதா நமக்காக மன்றாடுவாராக. இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.